தோள்மேல் ஒரு கை

ரீபின்ஸ்கில் எங்கள் குடியிருப்புக்கு வாசல் ஒன்று, சண்டை நூறு. அவற்றைத் தீர்த்துவைக்கும் வேலை என் தலையில் விழுந்து பல வருடமாகிறது. ரிம்மாவிடம் சொன்னால் நடக்கும் என்று பேர். திட்டு வாங்குவதும் ரிம்மாதான். அதனால்தான் மே மாத உலகப் போர் வெற்றி நாள் ஊர்வலத்துக்குச் சில நாள் முன்பு, யாரோஸ்லாவிலிருந்து பஸ் பிடித்து வந்த அந்தப் பெரியவர் நேரே என் கதவைத் தட்டினார்.

பெயர் மார்லென். மார்க்ஸையும் லெனினையும் ஒட்டிப் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் அவருடைய அப்பா யெஃபீம், கயிற்று ஆலைப் பொறியாளர். அப்பேர்ப்பட்ட விசுவாசிக்குத்தான் மக்கள் விரோதி என்று பட்டம் கட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் இந்த வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சுட்டார்கள். மார்லென் அப்போது கைக்குழந்தை. இருபது வருடம் கழித்து, அப்பாமேல் குற்றமில்லை என்று ஒரு காகிதம் கொடுத்தார்களாம். வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

எங்கள் வாசல் சுவரில் யெஃபீமுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு பதிக்க வேண்டும், அதுதான் அவர் கேட்க வந்தது. இப்போது பல ஊர்களில் பதிக்கிறார்கள். பெயர், வேலை, பிடித்த நாள், சுட்ட நாள். பக்கத்தில், படம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. குடியிருப்பவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் சம்மதித்தார்கள், இரண்டாம் மாடி சவேல்யெவ்னாவைத் தவிர.

"இது வீடா, சுடுகாடா? தினமும் ரொட்டி வாங்கப் போகும்போது சுடப்பட்டவன் பேரைப் படிச்சிட்டுப் போகணுமா?" என்று படிக்கட்டிலேயே கத்திவிட்டுப் போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போரில் செத்த தன் அப்பா சவேலியின் படத்தைக் கம்பில் மாட்டி, வருடம் தவறாமல் ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள். எதிரி கொன்ற அப்பாவுக்குத் தெரு முழுக்க இடம் உண்டு, சொந்த அரசு கொன்ற அப்பாவுக்கு உள்ளங்கை அளவு சுவர் கிடையாது. எங்கள் ஊர் நியாயம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்லெனை உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஆலை வாசலில் ஒருவர் விறைப்பாக நிற்கிறார். அவர் பக்கத்தில் நின்றவரைக் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். வெட்டப்பட்டவருடைய கை மட்டும் இவர் தோளில் தங்கிவிட்டது. மோதிர விரல் பாதிதான் இருந்தது.

"அம்மா வெட்டிட்டாங்கம்மா, அப்பாவைக் கூட்டிட்டுப் போன மறுநாளே. விரோதியோட படம் வீட்டுல இருந்தா அதுக்கும் ஜெயில். கையையும் வெட்டணும்னா நிக்கிறவரையும் வெட்டணுமே, அதனால விட்டுட்டாங்க. 'அதான்டா உங்கப்பா கை'னு சாகுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சொன்னாங்க. ஆவணக் காப்பகத்துலயும் படம் இல்லையாம். முகத்தை நான் பார்த்ததே இல்லை."

நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் தேநீரைக் கீழே வைத்தேன். வருடா வருடம் ஊர்வலத்தில் நான் பின்னால் நடந்துபோகிற முகம் அது.

அவர் கையைப் பிடித்து இரண்டாம் மாடிக்கு ஏற்றினேன். சவேல்யெவ்னா கதவைப் பாதி திறந்தாள். "மறுபடியும் வந்துட்டியா? உனக்கு வேற பொழப்பே இல்லையா, ரிம்மா?"

"சம்மதம் கிடக்கட்டும். உங்கப்பாவைப் பார்க்க ஆள் வந்திருக்கு."

முன்கூடத்தில், கம்போடு சுவரில் சாய்ந்திருந்தது சவேலியின் பெரிய படம். தோளில் கை. பாதி மோதிர விரல். மார்லென் தன் படத்தை அதன் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். சவேல்யெவ்னா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கையை அழிச்சிடவான்னு படம் பெரிசாக்குற கடைக்காரன் கேட்டான். யார் கையா இருந்தா என்ன, எங்கப்பா தோள்ல உரிமையா கிடக்கு, இருக்கட்டும்னு சொன்னேன்" என்றாள்.

"இதோட பழைய படம் இருக்காம்மா?" மார்லென் அவளிடம் கேட்டார். "வெட்டாத படம்?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா அதைத் தையல் மெஷின் இழுப்பறைக்கு அடியில ஒட்டி வச்சிருந்தா. மாட்டியிருந்தா அவளையும் கொண்டுபோயிருப்பாங்க. எங்கிட்டகூடச் சொன்னதில்லை. அவ செத்தப்புறம்தான் கிடைச்சுது. முழுசா இருந்துச்சு, ரெண்டு பேரும்." இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைக் கசக்கினாள். "ஊர்வலத்துக்குப் பெரிசாக்கணும்னா ஒரே முகம் இருக்கிற படமா கொண்டு வாங்கன்னு கடையில சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோல் எடுத்தேன்."

"வெட்டின துண்டு?" என்று கேட்டேன்.

"தோட்டத்து வீட்டுல அடுப்பு பத்தவைக்கக் காகிதம் இல்லைன்னு..."

அறிவிருக்கா என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அந்த முகத்தை ஒருத்தி பயத்தில் வெட்டினாள். பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு இன்னொருத்தி காப்பாற்றினாள். கடைசியில் அதை எரித்தது, எந்தப் பயமும் இல்லாத காலத்தில், அப்பாவை நினைவுகூரக் கிளம்பிய ஒரு மகள். இன்றைக்கு நினைத்தாலும் என் மனம் ஆறவில்லை.

மார்லென் குனிந்து அவள் கையைத் தொட்டார். "நீங்க பார்த்திருக்கீங்கல்ல? வெட்டுறதுக்கு முன்னாடி?"

"பார்த்தேன்... கவனிக்கலையேப்பா."

"உயிரோட இருக்கிறவங்கள்ல பார்த்தது நீங்க ஒருத்தர்தான். ஏதாவது சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சிரிச்சிட்டிருந்தார். பல்லு தெரிய. எங்கப்பா ஏதோ சொல்லியிருப்பார் போல."

மார்லென் அழுதார். அப்பா சிரிப்பார் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கோடைக் கடைசியில் தகடு பதித்தார்கள். திருகாணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு ஏணிக்கடியில் நின்றவள் சவேல்யெவ்னா. அன்றிலிருந்து ரொட்டிப் பையோடு அந்தச் சதுர ஓட்டைக்கு எதிரே நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மார்லெனுக்குத் தொலைபேசியில் ஏதாவது சொல்கிறாள். காது கொஞ்சம் பெரிது என்றாள். மீசை உண்டு என்றாள், பிறகு இல்லை என்றாள்.

முதல் பனி விழுந்த அன்று நான் அதட்டினேன். "உறைஞ்சு போயிடுவீங்க, உள்ள வாங்க!"

"இரு ரிம்மா. கண்ணு என்ன நிறம்னு யோசிக்கிறேன்."

"கறுப்பு வெள்ளைப் படத்துல கண்ணு நிறம் எப்படித் தெரியும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் அந்த ஓட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மார்லென் என்னைக் கூப்பிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. "ரிம்மாம்மா, அப்பாவுக்குச் சாம்பல் நிறக் கண்ணாம். எனக்கும் அதேதான், கவனிச்சிருக்கீங்களா?"

"கவனிச்சிருக்கேன்பா" என்றேன்.