நாற்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம்

அம்மாவின் இடுப்பில் கட்டிய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, என் முழங்காலை அவள் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "நூத்தி முப்பத்தி நாலுன்னு எப்படிய்யா சொல்ற? அது மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கிற படம். மூச்சை விட்டா மார்பு நூத்தி முப்பத்திரண்டுதான்." மூன்று என்றேன். அம்மாவின் பாரம் முழுக்க என் முதுகுக்கு வந்தது. அரை வட்டம் திருப்பிக் கழிப்பறை நாற்காலியில் உட்காரவைக்கும் சமயத்தில் நாற்காலி பின்னால் நழுவியது. அதன் இடது சக்கரத்தில் பிரேக் தேய்ந்து ஆறு மாதமாகிறது. காலை நீட்டிச் சக்கரத்தை அழுத்திக்கொண்டு, "டேய், ஒரு கை கொடுடா" என்று கத்தினேன். "ஒரு நிமிஷம்க்கா" என்றான். எட்டு மாதமாக இதே ஒரு நிமிஷம்தான்.

"விடுடி, அவனுக்கு வேலை இருக்கும்" என்றாள் அம்மா. பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் பேச்சு மெதுவாகிவிட்டது. ஆனால் அவனுக்குப் பரிந்து பேசும்போது மட்டும் எங்கிருந்துதான் அந்த வேகம் வருமோ.

அவன் சோம்பேறியாக இருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. நடுவில் எழுந்து சமைப்பான், அம்மாவின் விரிப்பைத் துவைப்பான், மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பான். தொட்டுத் தூக்குவது மட்டும் ஆகாது. இத்தனைக்கும் தினமும் சாயங்காலம் ஜிம்முக்குப் போய் அறுபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கிவிட்டு வருகிறவன். நான் பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவள். காலையில் இரண்டு தடவை அம்மாவை நாற்காலிக்கு மாற்றிவிட்டு ஓடுவேன். மதியம் எனக்குச் சாப்பிடக் கொடுக்கும் அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் நடந்து வந்து, மாற்றிவிட்டு, பத்து நிமிடம் நடந்து போவேன். சாப்பாடு பெரும்பாலும் நடக்கும்போதுதான்.

அவன் மார்பை அளந்துகொண்டிருந்தது மதில் என்பவனுக்கு. மதில் என்று உலகத்தில் யாரும் இல்லை. இணையத்தில் வாரம் ஒன்றாக வரும் படக்கதையின் நாயகன் அவன். பகலில் மூட்டை தூக்குவான், மற்ற நேரத்தில் உடம்பை வளர்ப்பான், அவ்வப்போது அநியாயத்தைத் தட்டிக்கேட்பான். அந்த இல்லாத ஆளின் புஜம் எவ்வளவு, தொடை எவ்வளவு, எந்த அத்தியாயத்தில் எத்தனை கிலோ ஏறினான், இறங்கினான் என்று பேசுவதற்காகவே முந்நூறு பேர் சேர்ந்து மன்றம் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. யார் எந்த அளவைச் சொன்னாலும் அத்தியாய எண்ணும் கட்ட எண்ணும் ஆதாரமாகக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் அளவுகளின் அட்டவணையைப் பராமரிக்கிறவர் அந்தப் பேச்சையே அழித்துவிடுவார். அந்தப் பராமரிக்கிறவர் என் அருமைத் தம்பி. அங்கே அவன் பெயர் 'அளவுகோல்'. மதில் போன வாரம் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு கிலோ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அம்மா எத்தனை கிலோ என்று கேட்டால் முழிப்பான். எனக்குத் தெரியும். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சக்கர நாற்காலியோடு அவளை எங்கள் அலுவலகத்துத் தராசில் ஏற்றி, நாற்காலியைக் கழித்துப் பார்த்தேன்.

எட்டு மாதத்துக்கு முன் அம்மா கட்டிலிலிருந்து விழுந்தாள். அதுவரை கையைப் பிடித்தால் நான்கு எட்டு நடப்பாள். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையும் செய்து, அதோடு நடை நின்றது. அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூச்சிரைக்க ஓடி வந்த என்னிடம் தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "கட்டில் கம்பி இறங்கியிருந்துச்சுக்கா." காலையில் கடைசியாகக் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டுப் போகிறவள் நான். அன்றைக்கு ஏற்றினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கை பழகிப்போன வேலை எதுதான் நினைவில் நிற்கிறது? ஏற்றவில்லை என்றே வைத்துக்கொண்டேன். அதன் பிறகு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து கம்பியை ஆட்டிப் பார்த்த நாட்கள் எத்தனையோ. பெரிய கிளைக்குப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். அம்மாவைத் துடைத்துவிடும்போதெல்லாம் அந்தத் தழும்பைப் பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்பேன். சில நாள் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று காலை நழுவிய நாற்காலியோடு கிளம்பிய ஆத்திரம் அலுவலகத்துக்கு வந்தும் அடங்கவில்லை. முதுகு வேறு விண்ணென்று தெறித்தது. பத்து மணிக்குக் கூட்டம் குறைந்ததும் போனை எடுத்து, 'புதுசு' என்ற பெயரில் அந்த மன்றத்தில் சேர்ந்தேன். இப்படித் தட்டினேன்.

"எல்லோருக்கும் வணக்கம். மதில் 310 கிலோ தூக்குவான் என்று அட்டவணையில் பார்த்தேன். சந்தோஷம். 43.200 கிலோ எடையுள்ள ஒரு வயதான அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவானா? அவருக்கு ஒரு கை மட்டும்தான் வேலை செய்யும். எப்படி மாற்றுவான்? ஆதாரத்தோடு சொல்லவும்."

இரண்டு நிமிடத்தில் 'முட்டைவெள்ளை' என்பவன் வந்தான். "நாப்பத்தி மூணா? தலைவன் காலைல பல் விளக்கிக்கிட்டே தூக்குவான்." அடுத்து ஒருவன் ஐம்பத்தெட்டாவது அத்தியாயம், நான்காவது கட்டம் என்று படமே போட்டான். எரிகிற வீட்டிலிருந்து இரண்டு பேரைத் தோளுக்கு ஒருவராகப் போட்டுக்கொண்டு மதில் ஓடுகிறான். மொத்தம் நூற்று முப்பத்தொரு கிலோ என்று கணக்கும் கீழே இருந்தது. நான் எழுதினேன்: "தீ இல்லை. ஓட வேண்டாம். தினமும் ஐந்து தடவை. வலிக்கக் கூடாது." பிறகு ஒருவன், "தினமும்னா கதை எப்படி பாஸ் நகரும்?" என்று கேட்டான். அதற்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். ஒரு மூட்டைத் துணியைத் தராசில் தூக்கிப் போட்ட வேகத்தில் வாடிக்கையாளர் ஒரு அடி பின்னால் போனார்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி பார்த்தபோது 'அளவுகோல்' எழுதியிருந்தான்.

"மதில் தூக்க மாட்டான். இரும்புக்குப் பிடி உண்டு, ஆளுக்குப் பிடி கிடையாது. ஒரு தடவை அவங்க அக்கா வேலைக்குப் போயிருந்தப்போ, அம்மாவை எழுப்பி நடக்க வைக்கலாம்னு அக்குள்ல கை கொடுத்துத் தூக்கினான். வலிக்குதுன்னு அவங்க கத்தினாங்க. கத்தினதும் பயந்து கையை விட்டுட்டான். கம்பி ஏத்தித்தான் இருந்துச்சு. அவன்தான் இறக்கினான். அதுக்கப்புறம் தொட பயம்."

அதற்குக் கீழே வரிசையாக ஒரே கேள்விதான். எந்த அத்தியாயம்? கட்டம் எத்தனை? ஆதாரம் எங்கே? சட்டம் போட்டவரே சட்டத்தை மீறலாமா? 'முட்டைவெள்ளை' எழுதியிருந்தான்: "மதிலுக்கு ஏதுய்யா அக்கா?"

நான் தராசின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு பெண் தன் பெட்டியின் எடையைக் கேட்டாள். எண் எனக்குத் தெரிந்தது, வாயில் வரவில்லை. கம்பி ஏற்றித்தான் இருந்தது. நான் ஏற்றியிருக்கிறேன். முதலில் வந்தது நிம்மதிதான், பொய் சொல்லக் கூடாது. எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஒரு நொடி எழுந்து நின்றது. அதன் பிறகு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். பத்து நிமிட வழியை ஐந்தில் நடந்திருப்பேன்.

தம்பி, அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். எனக்காகக் காத்திருந்தவன்போல இருந்தான்.

"அழிச்சிட்டியா?" என்றேன்.

"இன்னும் இல்ல."

"புதுசு யாருன்னு தெரியுமா?"

"தெரியும். கிலோவுக்கு அப்புறம் புள்ளி வச்சு மூணு எண்ணுல கிராம் போடுறது இந்த வீட்ல நீ ஒருத்திதான்."

அலுவலகப் பழக்கம். எங்கள் ரசீதில் அப்படித்தான் எழுத வேண்டும். மாறுவேஷம் போட்டுக்கொண்டு போய் என் கையெழுத்தையும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"அப்போ எனக்குத்தான் சொன்னியா? பக்கத்து ரூம்லதானடா இருக்கேன்! இதைச் சொல்ல உனக்கு முந்நூறு பேர் வேணுமா? ஒவ்வொரு நாளும் நான் திரும்பி வந்து அந்தக் கம்பியை ஆட்டிப் பாத்தேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பாத்தேன்" என்றான். அழுதான். அவன் அழுகை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அழுவதிலாவது எனக்கு முதல் உரிமை வேண்டாமா?

"அவனைத் திட்டாத" என்றாள் அம்மா. "சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

திரும்பினேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எட்டு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது கோபத்தினால் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"நீயா?"

"வீட்டை விட்டே போறேன்னான். செத்துப் போறேன்னான். என்ன பண்ணச் சொல்ற? நீ எங்கயும் போக மாட்ட. நீ தாங்குவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "கேட்டியாடா? போய் உன் அட்டவணைல எழுது. அக்கா. எவ்வளவு போட்டாலும் தூக்குவா. ஆதாரம், அம்மாவே சொன்னாங்க." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் வந்தது. கேட்கட்டும் என்று இருந்தது. அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு பெரிய கிளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது.

"எனக்குப் போகணும்டி" என்றாள் அம்மா, சின்னக் குரலில்.

பழக்கத்தில் என் கை பெல்ட்டை எடுத்துவிட்டது. எடுத்ததை அவன் மார்பில் எறிந்தேன்.

"தூக்கு."

"அக்கா, என்னால முடியாது."

"முடியலைன்னா விடு. இன்னொரு தடவை விடு. இந்தத் தடவை நான் நின்னு பாக்கிறேன். யார் இறக்கினது, யார் விட்டதுன்னு எட்டு மாசம் யோசிக்க வேண்டியதில்ல."

அவன் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கம்பியை இறக்கினான். டக்கென்று விழுந்த அந்தச் சத்தத்தில் அவன் தோள் ஒரு முறை குலுங்கியது. அம்மாவைத் திருப்பி உட்காரவைத்து, பெல்ட்டை அவள் இடுப்பில் சுற்றினான். கொக்கி மாட்ட மூன்று தடவை ஆனது. "அக்குள்ல கை வைக்காத, பெல்ட்டைப் பிடி. முட்டிக்கு முட்டி கொடு" என்றேன். சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். எது நடந்தாலும் கையை அவிழ்ப்பதில்லை என்று முடிவுசெய்திருந்தேன். அடுத்த அறையில் கம்ப்யூட்டரில் மன்றம் விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா தன் வலது கையால் அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். "ஒண்ணு" என்றான் அவன். "ரெண்டு." அதற்கு மேல் அவனுக்கு எண் வரவில்லை. அறுபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கும் புஜங்கள் வெடவெடவென்று ஆடின. அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு" என்றாள் அம்மா.

எழுந்தாள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றார்கள். காலரின் பொத்தான் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. அவள் வலியில் முனகினாள், அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், நாற்காலி பின்னால் நகரத் தொடங்கியது. என் கைகள் கட்டியபடியே இருந்தன. செருப்புக் கால் மட்டும் எப்போது போனதோ, தேய்ந்த அந்த இடது சக்கரத்தின் மேல் இருந்தது. முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தேன்.