கழற்றிய பின்னச்சு

அக்கா கேட்டது ரொம்பச் சின்ன வேலை.

"வண்டி பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது தம்பி. அந்த ஸ்பிரிங் பட்டையில ரெண்டைக் கழட்டிட்டா மெத்துனு ஆகும்னு மாமா சொல்றாரு. முடியுமா?"

ஒரு மதியத்தில் முடிந்துவிடும். மாமா தண்ணீர்க் குழாய் பதிக்கிறவர். நாலு கட்டு குழாய், ஒரு பம்பு, இதற்கு மேல் அவருடைய பிக்கப் பாரம் கண்டதில்லை. பின்னால் பக்கத்துக்கு ஐந்து பட்டை இருந்தது. மூன்றே போதும். மெக்கானிக்கான தம்பிக்கு இது கேட்ட நிமிஷமே தெரியும்.

அக்காவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகியிருந்தது. வலது பாதத்தில் பாதி உணர்ச்சிதான். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து பழக வேண்டும், முதல் மூன்று மாதத்தில் திரும்புகிற பலம்தான் பலம் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கார் சீட் அவளுக்குத் தாழ்வு. மடங்கி உட்கார்ந்தால் உயிர் போய் உயிர் வரும். பஸ் படி ஏற முடியாது. பிக்கப்பின் முன்சீட் மட்டும் அளவெடுத்துச் செய்தது போல அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. சாய்ந்து உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொண்டால் ஆயிற்று. குலுக்கல் ஒன்றுதான் குறை.

"பட்டையைக் கழட்டுறதெல்லாம் ஒப்புக்குச் செய்யற வேலைக்கா," என்றான் தம்பி. "ஒரு சக்கரம் பள்ளத்துல விழுந்தா மொத்த அச்சும் சேர்ந்து ஆடுது. அந்த அச்சையே எடுத்துட்டு, ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்குற மாதிரி மாத்திடறேன். ரெண்டே வாரம்."

மாமா காதைச் சொறிந்தார். "அதுவரைக்கும் இவளை எப்படிக் கூட்டிட்டுப் போறது மாப்ள?"

"நாலு தடவைதானே மாமா தவறும். அப்புறம் பாருங்க, மடியில வெச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்."

அக்கா சிரித்தாள். "என் சைக்கிளைக் கழட்டினவன்தானே நீ. மாட்டி முடிச்சப்போ பெடல் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு."

அவனுடைய ஷெட்டின் மூலையில், விபத்தில் முன்பக்கம் நசுங்கிய ஒரு காரின் பின்பாகம், தனித்தனியாக ஏறி இறங்கும் இரண்டு சக்கரங்களோடு, ஒரு வருஷமாகக் கிடந்தது. பழைய இரும்புக் கடையில் ஆசைப்பட்டு வாங்கியது. யாருடைய வண்டியிலாவது அதைப் பொருத்திப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்காகச் செய்கிறேன் என்று சொன்னான். சொன்னதை நம்பவும் செய்தான்.

முதல் நாளே பழைய அச்சையும் பட்டைகளையும் இறக்கினான். பட்டைகளைப் பிடித்திருந்த தாங்கிகள் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்ந்திருந்தன. இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தான்.

"அதை இப்பவே அறுக்கணுமா?" என்றான் கூட வேலை செய்யும் வெல்டர். "புதுசு ஒழுங்கா உக்காரட்டும். அப்புறம் அறுக்கலாம்."

"சேஸிஸ் சுத்தமா இருந்தாத்தான் அளவு சரியா வரும்."

"மில்லிமீட்டர் சொன்னா அப்பீல் ஏது," என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டான் வெல்டர். தெருவில் தம்பிக்கு மில்லிமீட்டர் என்றுதான் பெயர். பெண் பார்க்கப் போனபோதும் சட்டைப் பையில் அளவு டேப் வைத்திருந்தான் என்று கதை கட்டியிருந்தார்கள்.

அப்படிப்பட்டவன் தப்பு செய்ததும் அளவில்தான். வண்டி ஸ்டாண்டில் நின்றது, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. வண்டியின் எடை ஏறினால் சக்கரம் எங்கே வந்து நிற்கும் என்று கணக்குப் பார்க்காமல், தொங்கிய நிலையையே சரியான நிலையாக வைத்து, பின்பாகத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை வெல்ட் வைத்துவிட்டான். ஐந்தாவது வாரம் வண்டியைத் தரையில் இறக்கியதும் இரண்டு சக்கரங்களும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துகொண்டன. வயிறு முட்டச் சாப்பிட்டவன் காலை அகட்டி நிற்பதைப் போல நின்றது வண்டி. வெல்டருக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"இப்போதைக்குப் பழசையே மாட்டிக் குடுத்துடு மாப்ள. போன வாரம் டாக்ஸியில கூட்டிட்டுப் போனேன். பாதி வழியில அழுதுட்டா. திரும்பி வந்துட்டோம்."

தாங்கிகளை அறுத்துவிட்டதை அவன் சொல்லாமல் மறைத்தான். "அடுத்த வாரம் முடிஞ்சிடும் மாமா," என்றான்.

அவர் போனதும் வெல்டர் மெதுவாகச் சொன்னான். "தாங்கியைத் திருப்பி ஒட்டிடலாம். ஒரு நாள் வேலை. அக்கா போயிட்டு வரட்டும், உன் ஆசையை அப்புறம் வெச்சுக்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பச் சொல்றியா?"

வெல்டர் மறுபடி கண்ணாடியை இறக்கிக்கொண்டான். சட்டத்தை அறுத்து மறுபடி வைத்தார்கள். பிறகு கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் தண்டு நீளம் போதவில்லை. லேத்துக்காரர் பத்து நாள் இழுத்தார். பிரேக் குழாய் ஒழுகியது. ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்றான். அக்கா போன் செய்தால் வண்டியைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதாகச் சொல்வாள். அவன் அந்த வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

பதினோராவது வாரம் வண்டி தயாரானது. அக்காவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அவனே ஓட்டினான். பாலத்தடிப் பள்ளத்தில் பின்சக்கரம் ஒன்று இறங்கி ஏறியது. அக்காவின் மடியில் இருந்த மருந்துச்சீட்டு நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் அக்காவின் பாதத்தைத் தூக்கச் சொன்னாள். விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன.

"இத்தனை நாள் எங்கம்மா போனீங்க?"

"வண்டி ரிப்பேரும்மா," என்றாள் அக்கா.

அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். "விடாம வாங்க, முயற்சி பண்ணுவோம். ஆனா இந்தப் பாதம் இனிமே பெருசா தூக்க வராது சார். நேரத்துல வந்திருந்தா நம்பிக்கையா ஏதாவது சொல்லியிருக்க முடியும்."

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றார்கள்.

"தண்ணி மேல போற மாதிரி இருக்குடா. நல்லா பண்ணியிருக்க," என்றாள் அக்கா.

பதினோரு வாரமாக அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ சொன்ன மாதிரி ரெண்டு பட்டையைக் கழட்டியிருந்தா மறுநாளே போயிருக்கலாம்கா."

"தெரியும். மாமா அன்னிக்கே சொன்னாரு."

"அப்புறம் ஏன்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ அவ்வளவு ஆசையா சொன்னியே," என்றாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஊன்றினாள். வலது பாதம் நுனி தரையில் உரசியபடி மடங்கிக் கிடந்தது. அவன் குனிந்து, குதிகாலைப் பிடித்து, பாதத்தை நேராக்கித் தரையில் பதித்தான்.

அக்கா கீழே பார்க்காமல், நேராக வீட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"வெச்சுட்டியா?" என்று கேட்டாள்.