பாலத்துக்கு அந்தப் பக்கம்

இணையக் கருத்தரங்கில் பேச அழைப்பு வந்தது அவளுக்கு இரண்டாவது பெரிய சந்தோஷம். முதலாவது, கணவன் சிகரெட்டை விட்டது. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது வந்தே இருக்காது.

அவன் பஸ் ஓட்டுகிறவன். மருத்துவர் நெஞ்சுப் படத்தைக் காட்டி மிரட்டியும் மசியாதவன், நகராட்சி சிகரெட்டுக்குத் தனி வரி போட்டதும் "கட்டுப்படியாகாதும்மா" என்று தலைமுழுகிவிட்டான். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளராக வேலை பார்த்த அவளுக்கு அன்றிலிருந்து ஒரே குடைச்சல். வரியால் விட்டானா, இல்லை, வரி வராவிட்டாலும் விட்டிருப்பானா? ஒருவனை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் தங்கள் ஊரைப் போலவே இருந்து, வரி மட்டும் வராத ஓர் ஊர் வேண்டும். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சொல்லி வைத்துச் செய்ததுபோல அப்படியோர் ஊர் இருந்தது.

இரண்டு ஊர்க் கடைகளின் விற்பனைக் கணக்கையும் அலைந்து திரிந்து சேகரித்தாள். இங்கே விற்பனை படுத்துவிட்டது, அங்கே ஏறியிருந்தது. வரி இல்லையென்றால் இங்கேயும் அப்படித்தான் ஏறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். இங்கே குறைந்ததோடு அங்கே ஏறியதையும் சேர்த்துப் பார்த்தபோது, வரியின் பலன் அவளே எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக வந்தது. அடுத்த ஆண்டும் வேலை உண்டா என்பது இந்தப் பேச்சைப் பொறுத்தது. கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வெளியூர் நகராட்சி அதிகாரிகள், தங்கள் ஊரிலும் வரி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள்.

பேச்சு அமர்க்களமாகப் போனது. கேள்வி நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் ஒன்றை வாசித்தார். "உங்க ஊர்க்காரங்க பாலம் தாண்டிப் போய் வாங்கியிருக்கலாமே?"

இதற்குப் பதில் அவளிடம் தயாராக இருந்தது. ஒரு சிகரெட்டுக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்? சொல்ல வாயெடுத்தவள், கேமராவில் படாமல் வாசலில் நின்றிருந்த கணவனைப் பார்த்தாள். ஒரு கையில் டீ. இன்னொரு கையை, வகுப்பில் அனுமதி கேட்கிற பிள்ளை மாதிரி, தூக்கிக்கொண்டு நின்றான்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லி ஒலியை நிறுத்தினாள். "என்னங்க இப்போ?"

"நான் போறேன்மா."

"எங்கே?"

"அந்தப் பக்கம். பஸ் அங்கே போய்த்தானே திரும்புது. நான் மட்டும் இல்ல, எங்க டிப்போவே அங்கேதான் வாங்குது."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே குறைந்த அதே சிகரெட்தான் அங்கே ஏறியிருக்கிறது. ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிட்டு ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேள்வி கேட்டவருக்கு வெறும் சந்தேகம்தான். மழுப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒலியைத் திறந்தாள். "போறாங்க. இப்பதான் எனக்கே தெரிஞ்சது. எத்தனை பேர்னு தெரியலை. வரியால பலனே இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா நான் காட்டின அளவை அப்படியே நம்பி யாரும் முடிவெடுக்காதீங்க."

ஒருங்கிணைப்பாளர், பாலமே இல்லாத ஒரு தூரத்து ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வந்து பேசச் சொன்னார். வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மடிக்கணினியை மூடியதும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இத்தனை நாளா என்னை முட்டாளாக்கிட்டு, இன்னைக்குத்தான் வாய் வந்துச்சா?"

"நான் விட்டுட்டேன்னு அவ்வளவு சந்தோஷப்பட்டே. எப்படிம்மா சொல்றது? இன்னைக்கு என்னை நம்பி, நீ அத்தனை பேர்கிட்ட பொய் சொல்லப் போனே. அதைத்தான் தாங்க முடியலை."

அவனைத் திட்ட நிறைய இருந்தது. ஆனாலும் டீயை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "எப்பங்க விடுவீங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"அந்தக் கரையிலயும் வரி போடச் சொல்லு, புரொபசரம்மா. எங்க பஸ் அதுக்கு மேல போகாது."