மஞ்சளாகிப்போன டேப்

ஆய்வுக்கூடம் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்டோர்க்காரர் மேல் ராக்கிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி, தூசியை ஊதி, மேஜைமேல் வைத்தார்.

"மேடம், பதினோரு வருஷமா பிரிக்காமலே கிடக்கு. குப்பைக்குப் போட்டுரலாமா?"

லேபிளைப் பார்த்ததும் சீப்பு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வைங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

சீப்பு என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் கூட வேலை பார்த்த காத்தாடி; அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவள் அவள். கம்ப்யூட்டர் புராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலர்தான் இருவருக்கும் பிழைப்பு. அவன் விசிறி செய்தான். அவள் அலுமினியத் தகடுகளைச் சீப்புப் பல் மாதிரி நெருக்கி நிறுத்தினாள். பிறகு பெயர் வைக்க மூளையையா கசக்க வேண்டும்? அவன் விசிறி தள்ளும் காற்று, அவள் தகடுகளின் இடுக்கில் புகுந்து, சூட்டை வாரிக்கொண்டு பின்பக்கமாக வெளியேற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்காக எத்தனை சண்டை! பல்லை நெருக்காதே, என் காற்று முட்டி நிற்கிறது என்பான் அவன். உன் விசிறிக்குத் தெம்பில்லை என்று சொல் என்பாள் இவள்.

அப்போது அவர்களுக்கு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். காற்றின் போக்கைக் காட்டும் புகை இயந்திரம் கேட்டதற்கு நிர்வாகம் கையை விரித்துவிட்டது. போகட்டும் என்று டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்துத் தகடுகளின் பின்னால் ஒட்டி, அது படபடப்பதைப் பார்த்தே காற்றை எடை போட்டார்கள். அதுவும் போதவில்லை என்றால் காத்தாடி குனிந்து கன்னத்தை வைப்பான். "மீட்டர் கிடக்குது, நீ கன்னத்தை வச்சுப் பாரு சீப்பு" என்பான். அவளும் வைப்பாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்! இன்றைக்கு அவளிடம் மூன்று புகை இயந்திரம் இருக்கிறது, சண்டை போடத்தான் ஆளில்லை.

அந்தக் கூலர் வாடிக்கையாளரின் சோதனையில் தோற்றது. புராசஸரின் சூடு எழுபத்தைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது. தொண்ணூற்று மூன்றுக்குப் போனது. யார் தப்பு என்று மேலதிகாரி கேட்டார். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

"என் தகடு சரியாத்தான் இருக்கு. இவன் விசிறியில மூச்சே இல்ல."

காத்தாடி அவளை ஒருமுறை பார்த்தான். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டான். பூட்டுக் கம்பெனி ஒன்றில் விற்பனைக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த கூலர் பெட்டியைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது பிரித்தாள். கூலரைத் திருப்பினாள். காற்று வெளியேறும் பக்கத்தில், கீழ்ப்பாதியை அடைத்துக்கொண்டு, மஞ்சளாக ஒரு பட்டை.

டேப்!

அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அனுப்புவதற்கு முந்தின நாள், பாதியை அடைத்தால் மீதிப் பாதியில் காற்று எப்படி வருகிறது என்று பார்க்க அவள் ஒட்டியது. ஒட்டினாளே தவிர, பிரிக்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்ததால் அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை. பதினோரு வருஷத்தில் பழுத்துப்போய் இப்போது பளிச்சென்று தெரிந்தது.

டேப்பை உரித்து, கூலரைச் சோதனை மேடையில் மாட்டி ஓடவிட்டாள். அரை மணி நேரத்தில் எழுபத்தொன்றில் வந்து நின்றது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து கன்னத்தை வைத்தாள்.

யாருக்கும் தெரியாது. பெட்டியோடு குப்பையில் போட்டால் கதை முடிந்தது. இந்தக் கூடத்துக்கே இப்போது அவள்தான் தலைமை. அவள் தகடு தப்பாது என்று ஊரே சொல்கிறது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது. காத்தாடியின் பழைய எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"யாரு?"

"சீப்பு பேசறேன்."

"இன்னும் பல்லு கொட்டலையா உனக்கு?" என்றான்.

சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. "தப்பு என்னோடதுடா. பின்னாடி டேப் ஒட்டிட்டு எடுக்க மறந்துட்டேன். இப்பதான் பெட்டியைப் பிரிச்சேன். உன் விசிறி மேல ஒரு குறையும் இல்ல."

"எவ்வளவு வருது?"

"எழுபத்தொண்ணு."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"இந்த வேலை எனக்குக் கை வரலன்னு நெனச்சுல்ல சீப்பு நான் பூட்டு விக்கப் போனேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிருடா."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப ஓடிட்டு இருக்கா?"

"ஓடுது."

"போனைக் கிட்ட வை."

வைத்தாள். தள்ளுவண்டியோடு வந்த ஸ்டோர்க்காரர் என்னவோ கேட்க வாயெடுத்தார்; கையைக் காட்டி நிறுத்தினாள். நிமிஷங்கள் போயின. லைனைத் துண்டித்துவிட்டானோ என்று போனைக் காதில் வைத்தாள்.

"கன்னத்தை வச்சுப் பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"நல்ல காத்துடா" என்றாள்.