ஒன்பதாம் மாடியில் ஒரு மோட்டார் சைக்கிள்

யெந்தரின் மோட்டார் சைக்கிள் நான்கு மாதமாக அவன் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. வீடு ஒன்பதாம் மாடி. வண்டியை ஏற்றி வந்த லிஃப்ட், அதை வெளியே தள்ளிய கையோடு ஒரு முனகல் முனகிச் செத்துப்போனது. கராகஸ் நகரில் அந்தக் கட்டிடத்துக்கு இருந்தது இரண்டு லிஃப்ட். ஒன்று போய் ஆறு வருடம். மிச்சம் இருந்த ஒன்றைத்தான் யெந்தர் கொன்றான் என்று பேச்சு.

கொன்றானா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் அதே லிஃப்டில் குளியல் தொட்டி ஏற்றியிருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவி இராய்தா ஒரு தேக்கு அலமாரியை நாலு பேரோடு சேர்த்தே ஏற்றியவள். ஆனால் கடைசியாக ஏற்றியவன் யெந்தர். அவன் ஏற்றிய விதமும் அப்படி. லிஃப்டுக்குள் வண்டி நீளவாக்கில் கொள்ளாது என்பதால், முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, கைக்குழந்தையைத் தோளில் சாத்துவது போல மார்போடு அணைத்துக்கொண்டு போவான். மூன்று வாரம் அப்படிப் போனான். லிஃப்டின் சுவரில் டயர் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. அதைவிட வேறு சாட்சி யாருக்கு வேண்டும்?

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. தரைக்குக் கீழே இருந்த வண்டி நிறுத்துமிடத்தின் கேட் மூடுவதே இல்லை. ஒரே மாதத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் திருடு போயிருந்தது. அவனுக்கோ வண்டிதான் சோறு. தெருமுனை ஸ்டாண்டில் பதினேழாம் நம்பர் சட்டை போட்டு, பின் சீட்டில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். மைத்துனனின் பஞ்சர் கடையில் பூட்டிய முற்றம் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஊரையெல்லாம் சுமக்கிறவன் நடந்து வீடு சேர்வதா என்று வீம்பு. அந்த அரை மணி நேரச் சோம்பல்தான் அவனைக் கவிழ்த்தது.

லிஃப்ட் நின்ற மறுநாளே கீழ்த்தளத்தில் பொதுக்கூட்டம். இராய்தா சுங்க இலாகாவில் முப்பது வருடம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவள். குரலிலும் முத்திரை இருக்கும். லிஃப்டுக்கு வேண்டிய பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று கம்பெனிக்கே தெரியாது என்று அவள் சொன்னதும், கூட்டம் முழுக்க யெந்தர் பக்கம் திரும்பியது. அவன் எழுந்து மன்னிப்புக் கேட்டான். நாலு பேர் கை கொடுத்தால் படி வழியாக வண்டியை இறக்கிவிடுவதாகவும் சொன்னான்.

"நாங்க இங்க கால் வலிச்சுச் சாவோம், நீ வண்டியில ஜாலியா சுத்துவியா?" என்றாள் இராய்தா. "லிஃப்ட் ஏறுற அன்னிக்கு உன் வண்டி இறங்கட்டும்."

கை தூக்கச் சொன்னார்கள். ஏகமனதாகத் தூக்கினார்கள். படியின் அடியில் இருக்கும் கிரில் கேட்டுக்கு வாட்ச்மேன் எவுதோமாரைக் காவல் போட்டார்கள். அதோடு விட்டார்களா? ஆறாம் மாடி முதல் மேலே, படி ஏறி இறங்க முடியாதவர்களுக்கெல்லாம் தண்ணீர், காய்கறி, கேஸ் எல்லாவற்றையும் யெந்தரே சுமந்து தர வேண்டும், குப்பையையும் அவனே இறக்க வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். குற்ற உணர்ச்சியில் இருந்த மனுஷன் தலையாட்டினான். போனால் ஒரு மாதம் என்று நினைத்தான்.

அப்படித்தான் யெந்தர் லிஃப்ட் ஆனான். குழாய்த் தண்ணீர் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே வாய் நனைய வேண்டுமென்றால் அவன் தோள்தான் வழி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை ஏறி இறங்கினான். ஆளுக்கு ஆள் படிக்கட்டில் தலையை நீட்டி அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். அவன் எந்த மாடியில் இருக்கிறான் என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். மேல் மாடிக்காரர்கள் ஒன்றும் கல்நெஞ்சர்கள் இல்லை. கையில் சூடாக அரேபா ரொட்டியும் கறுப்பு பீன்ஸும் கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், வாய் நிறைய வாழ்த்தினார்கள். வாழ்த்தும் ரொட்டியும் சேர்ந்தும் வீட்டு அடுப்பு எரியவில்லை. மனைவி நைலெத் முடி வெட்டும் கடையில் நின்று சம்பாதித்ததில்தான் குடும்பம் ஓடியது. அவள் வண்டியின் ஹேண்டில்பாரில் ஈரத் துணியைக் காயப் போடுவாள்.

"கொடி வாங்குற காசு மிச்சம்," என்பாள். "பெட்ரோல் வாசனையில இங்க வர்ற கொசுகூட மயங்கி விழுது."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவன் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான். ஜன்னல் வழியே கீழே பார்த்தால் ஸ்டாண்டில் மற்றவர்கள் ஆள் ஏற்றிப் போவது தெரியும். வண்டிமீது உட்கார்ந்து அதைப் பார்ப்பான். கிளட்ச்சை அழுத்தி அழுத்தி விடுவான். சொந்த வீட்டுக்குள் சிறை வைக்கப்பட்டது வண்டியா தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவனுக்கு ஆறுதல் பத்தாம் மாடி பெல்கிஸ். அவன் வீட்டுக்கு நேர் மேல் வீடு. ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் போய்விட்டன. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த வாய் மட்டும் ஓயவில்லை. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவள் தெருவை மிதிக்கவில்லை. அவன் தண்ணீர் கேனோடு மூச்சு வாங்க வந்து நின்றால், "வந்துட்டான்யா என் லிஃப்ட். கதவு மட்டும் கொஞ்சம் லேட்டா திறக்குது," என்று வரவேற்பாள். மற்றவர்களெல்லாம் கேனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். அவள் மட்டும் உட்கார வைத்து, உனக்குப் பண்ணினது அநியாயம் ராசா என்று சொல்லி இராய்தாவைக் கிழிகிழியென்று கிழிப்பாள். அதைக் கேட்பதற்காகவே அவள் வீட்டுத் தண்ணீரைக் கடைசியில் கொண்டுபோவான்.

நான்காவது மாதம் ஸ்டாண்ட் தலைவர் ஆள் அனுப்பினார். பதினேழாம் நம்பருக்கு வரிசையில் ஆறு பேர் நிற்கிறார்கள், முப்பதாம் தேதிக்குள் வண்டியோடு வந்தால் நம்பர் உன்னுடையது, இல்லாவிட்டால் சட்டையைத் திருப்பிக் கொடு என்றார். நம்பர் போனால் இந்த ஊரில் இன்னொரு ஸ்டாண்டில் இடம் பிடிக்க வருடங்கள் ஆகும். யெந்தர் இராய்தாவின் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றான். லிஃப்ட் பாகம் வராது என்பது அதற்குள் அவளுக்கும் தெரிந்திருந்தது. மூக்கால் அழுதபடி, சரி, ஓட்டுக்கு விடுகிறேன் என்றாள்.

மாடியிலிருந்து இறங்கி வர முடியாதவர்கள் தங்கள் ஓட்டைக் கவரில் ஒட்டிக் கொடுத்தனுப்பலாம் என்பது கட்டிட விதி. ஒன்பது பேர் கொடுத்தார்கள். யாரிடம் கொடுப்பார்கள்? லிஃப்டிடம்தான். ஞாயிறு காலை பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஒவ்வொரு வாசலாக நின்று யெந்தரே வாங்கிக்கொண்டு இறங்கினான். பெல்கிஸ் கவரைக் கொடுக்கும்போது அவன் கன்னத்தைத் தட்டினாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. ஒன்பது கவரும் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டி இருந்தன. ஒன்பதும் தன் பக்கம் என்று அவன் சத்தியம் பண்ணியிருப்பான்.

முதலில் கீழ்த்தளத்தில் கூடியிருந்தவர்கள் கை தூக்கினார்கள். வண்டி இறங்கட்டும் என்று பதினாலு கை. எல்லாம் கீழ் மாடிக்காரர்கள். அவனால் அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. எப்படியோ போகட்டும் என்ற தாராளம். வேண்டாம் என்று ஆறு கை. யெந்தருக்கு அப்போதே கால்கள் லேசாகிவிட்டன.

இராய்தா கவர்களைக் கிழித்துப் படித்தாள். முதல் கவர், வேண்டாம். இரண்டாவது, வேண்டாம். மூன்றாவதை அவன் தூரத்திலிருந்தே கண்டுகொண்டான். பெல்கிஸ் பச்சை மையில்தான் எழுதுவாள். "லிஃப்ட் வரும்வரை வண்டி இறங்க வேண்டாம்," என்று இராய்தா படித்தாள். அதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை. மற்றவர்கள் எண்ணிச் சொன்னார்கள், ஒரு ஓட்டில் தோல்வி என்று. தன்னைக் கட்டிப்போடும் கயிற்றைத் தானே ஒன்பது வாசலில் கேட்டு வாங்கிச் சுமந்து வந்திருக்கிறான்.

மறுநாள் பெல்கிஸுக்குத் தண்ணீர் நாள். போகக் கூடாது என்று நினைத்தான், போனான். கேனை அடுப்படியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அநியாயம்னு நானே சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஆனா நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லு? பயமா இருந்துச்சு ராசா. பேனாவைக் கையில எடுத்ததும் பயமா இருந்துச்சு."

அவனுக்குக் கோபமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. வாசலில் இருந்த அவள் வீட்டுக் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். எட்டாவது மாடித் திருப்பத்தில் சட்டென்று நின்று கையிலிருந்த கறுப்புப் பையைப் பார்த்தான். நாலு மாதமாக இந்தப் பைகளைச் சுமந்து அந்த கிரில் கேட்டைத் தாண்டியிருக்கிறான். ஒரு நாளாவது எவுதோமார் உள்ளே என்ன என்று கேட்டதுண்டா?

அன்று மத்தியானமே ஸ்பேனரை எடுத்தான். கட்டிடம் முழுக்க டிவியில் பேஸ்பால் அலறும் நேரம். முதல் நாள் கண்ணாடியும் செயினும் இறங்கின. அப்புறம் சீட், விளக்கு, முன்சக்கரம். ஒவ்வொன்றும் குப்பைப் பையில், மேலே நாலு வாழைத்தோலும் காப்பிச் சக்கையும் போட்டு. கீழே மைத்துனன் கைவண்டியோடு நின்று வாங்கித் தன் கடை முற்றத்துக்குக் கொண்டுபோவான். பின்சக்கரம் இறங்கிய நாளில் மட்டும் எவுதோமார் ஒரு கண்ணைத் திறந்து, "என்னடா குப்பை இந்தக் கனம் கனக்குது?" என்றான். பன்னிரண்டாம் மாடியில் பழைய அடுப்பைக் கழிக்கிறார்கள் என்றான் யெந்தர். எவுதோமார் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆறாம் நாள் இன்ஜினும் சட்டமும்தான் பாக்கி. சட்டத்தைப் பழைய மெத்தைக்குள் சுருட்டுவது என்று நைலெத் யோசனை சொல்லியிருந்தாள். அன்று பெல்கிஸ் வீட்டில் கேனை இறக்கியபோது அவள் கதவைச் சாத்தினாள்.

"உன் ஸ்பேனர் சத்தம் என் கட்டிலுக்கு நேர் கீழ கேக்குது," என்றாள். "யார்கிட்டயும் சொல்லலை. இன்னும் எத்தனை நாள்?"

அவன், "நாலு," என்றான். பிறகு மனசு கேட்காமல், "நான் எங்கயும் ஓடிப்போகலையே. கீழ் வீடுதானே? சாயந்திரம் வந்து உங்களுக்கு எடுத்துத் தர்றேன்," என்றான்.

"விடியறதுக்கு முன்ன போயி, பொழுதெல்லாம் ஓட்டிட்டு, அரை மணி நேரம் நடந்து, ஒன்பது மாடி ஏறி வருவே," என்றாள் பெல்கிஸ். "அதுக்கு மேல இன்னொரு மாடி ஏறுவியா? நானா இருந்தா ஏற மாட்டேன்."

அவன் ஏற மாட்டான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அடுப்படிக்குப் போனாள். கதவுக்குப் பின்னால், மேஜைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் என்று தேடித்தேடிக் காலி பாட்டில்களை எடுத்து அவன் காலடியில் வரிசையாக வைத்தாள். எண்ணெய் பாட்டில், ஜூஸ் பாட்டில், மருந்து பாட்டில்கூட இருந்தது.

"நாலு நாளைக்குள்ள இத்தனையையும் நிரப்பிக் குடுத்துடு," என்றாள்.

யெந்தர் எண்ணிப் பார்த்தான். இருபத்துமூன்று இருந்தன. கைக்கு ஆறு பாட்டிலாக எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தான்.