இன்னொரு டேக்

சினிமாவில் அக்கா பெற்றெடுக்காத கதாநாயகன் கிடையாது. முப்பது வருஷமாக அம்மா வேஷம்; பாதிப் படங்களில் இடைவேளைக்குள் செத்தும் போய்விடுவாள். பேரும் புகழும் நிறையத்தான் வந்தது, அதில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் மனசு மட்டும் மேடையிலேயே கிடந்தது. அந்தக் காலத்தில் அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து ஒரு நாடகக் குழு ஆரம்பித்திருந்தார்கள். சினிமா கூப்பிட்டதும் அக்கா போய்விட்டாள். தங்கைதான் இத்தனை காலமும் அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தாள்.

ஐம்பத்தெட்டு வயதில் அக்கா போய் வேஷம் கேட்டபோது தங்கை முகம் கொடுத்தே பேசவில்லை. கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் இறங்கி வந்தாள்.

"ஒரு நாள் நடி. சொதப்பினா மறுநாள் வேற ஆள். அக்காங்கிறதுக்காக எல்லாம் பார்க்க மாட்டேன்."

முதல் இரண்டு காட்சிகள் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவதில் மனைவியாக நடிக்கும் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பேப்பர் படிக்கும் கணவனைப் பிடிபிடி என்று பிடிக்க வேண்டும். ஆரம்பித்த வேகத்தில் நாக்கு குழறியது. பாழாய்ப்போன பழக்கம்! அக்கா கையைத் தூக்கி, "சாரி, இன்னொரு டேக் போலாம்" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

நின்ற பிறகுதான் உறைத்தது. அரங்கம் நிறைய ஜனம், ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. திரை ஓரத்தில் தங்கை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அக்கா.

கணவனாக நடித்தவர் பகலில் பல் டாக்டர். நடுங்குகிறவர்களைப் பார்த்துப் பழகிய மனுஷர். பேப்பரை நிதானமாக மடித்து வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"ஏம்மா, சண்டையைப் பாதியில விட்டுட்டு எங்க போனே? வந்து முதல்லேர்ந்து திட்டு. எனக்கும் பதில் சரியா வரல."

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் பாருங்கள், வசனம் அருவியாகக் கொட்டியது. டாக்டர் நிஜமாகவே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

நாடகம் முடிந்து அக்கா முகத்தில் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தங்கை உள்ளே வந்தாள். அக்காவுக்கு நிமிர்ந்து பார்க்கவே தைரியமில்லை.

"டேக்காம், டேக்! அறிவிருக்கா உனக்கு? அவர் இல்லேன்னா மானம் போயிருக்கும். குரல் வேற பாதி அரங்கத்தைத் தாண்டல. நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து தொலை, பயிற்சி எடுக்கணும்."

சினிமாவில் அக்காவைத் திட்ட ஆளே இல்லாமல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எண்ணெய் வழியும் முகத்தோடு, "வரேன்டி" என்றாள். தங்கை விடாமல் திட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல அக்காவுக்கு மனசே வரவில்லை.