தைத்து முடிக்காத உறை

வடக்கனந்தலில் செருப்பு தைக்கிறவர்கள் சிலர் இருந்தாலும், கனத்த தோலில் வேலை என்றால் பிச்சைமுத்துவைத்தான் தேடி வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சார்ப்பு இறக்கி, அதையே பட்டறையாக வைத்திருந்தான். ஒருநாள் அந்தச் சார்ப்புக்குப் போலீஸ் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி, குண்டுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைத்துப்பாக்கியைத் தோல் தட்டும் கல்லின் மேல் வைத்தார். கூடவே பழைய உறையையும் வைத்தார். அதன் அடித்தையல் முழுக்க விட்டுப்போயிருந்தது. எலி வேறு கடித்திருந்தது.

“இதே மாதிரி புதுசா ஒண்ணு வேணும். மலையேறப் போறோம். சனிக்கிழமை ஏட்டு வந்து வாங்கிக்குவாரு.”

பிச்சைமுத்து துப்பாக்கியைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டான். போலீஸ் கல்வராயன் மலை ஏறுகிறது என்றால் சாராய ஊறலை உடைக்கத்தான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவனுடைய தம்பி சின்னராசு, கூலி வேலை இல்லாத நாட்களில் மலையிலிருந்து லாரி டியூபில் சாராயம் சுமந்து வருகிறவன்.

அன்று சாயந்திரமே தம்பியைக் கூப்பிட்டு உறை விஷயத்தைச் சொன்னான். “கொஞ்ச நாளைக்கு மேல போவாத.”

“போவாம இன்னாத்த துன்றது? நானு பாத்துக்கறேன், நீ வுடு,” என்று சொல்லிவிட்டுச் சின்னராசு எழுந்து போய்விட்டான்.

பிச்சைமுத்து வேலையைத் தொடங்கினான். கல்யாண முருங்கைக் கட்டையைத் துப்பாக்கியின் வடிவத்தில் செதுக்கினான். எருமைத் தோலை அளவாக வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டான். ஊறிய தோலைக் கட்டையின் மேல் போர்த்தி, குண்டு உருளையும் குழலும் பதியும்படி விரலால் அழுத்தி அழுத்தி இழுத்துக் கட்டினான். ஒரே வெயிலில் காய்ந்து முறுகிவிட்டது. ஓரம் குத்தித் தைத்தால் உறை தயார். குத்தூசியைக் கையில் எடுத்தவன், அப்படியே கீழே வைத்தான். உறை இல்லாமல் எந்த அதிகாரி மலையேறுவான் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. உறையைச் சார்ப்பில் ஒரு ஆணியில் மாட்டினான்.

சனிக்கிழமை ஏட்டு அரங்கநாதன் சைக்கிளில் வந்தார்.

“தோலு காயலீங்க ஏட்டய்யா. ஈரத்துல தைச்சா நூலு தளந்துரும்.”

ஏட்டு வாசலில் காய்கிற வெயிலைப் பார்த்தார். “அய்யா கத்தப்போறாரு,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். பிச்சைமுத்துவுக்கு மூச்சு வந்தது. அன்றைக்கு இரண்டு வாய் சோறு அதிகமாகத் தின்றான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஏட்டு மறுபடியும் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

“நேத்து மலையேறுனோம். உன் தம்பி ஓடலப்பா. கையத் தூக்கிக்கினு நின்னான். மெதுவா இட்டுக்கினுதான் எறங்கனோம். ஓடையில பாறை வழுக்கி அய்யா வுழுந்துட்டாரு. இடுப்புல சொருவியிருந்த துப்பாக்கி கழண்டு பாறையில அடிச்சி வெடிச்சிருச்சி. முன்னால எறங்கிக்கினு இருந்தவன் அவன்தான்.”

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வாங்கி வந்து அடக்கம் செய்தார்கள். சின்னராசுவின் மனைவி அமிர்தம் மூன்றாம் நாள் சார்ப்புக்குள் வந்து நின்றாள்.

“உறை இருந்திருந்தா துப்பாக்கி வெளிய வந்தே இருக்காதுன்னு அந்த அய்யா ஆஸ்பத்திரியில சொல்லி அழுதாரு மாமா. நெசமா?”

“நெசந்தாம்மா.”

அவள் ஆணியிலிருந்து உறையை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தாள். வளையவில்லை. “தோலு காயலன்னு ஏட்டுகிட்ட சொன்னீங்களாம். இது காஞ்சிதான இருக்குது?”

அதற்கு மேல் பிச்சைமுத்துவால் மறைக்க முடியவில்லை. “இது இல்லாம அவங்க மலையேற மாட்டாங்கன்னு நெனச்சேம்மா. அவனுக்காவத்தான்.”

அமிர்தம் அழவில்லை. “அவரும் அதையேதான் நெனச்சாரு மாமா. ‘அண்ணன் உறையத் தைக்கவே இல்ல, ஆணியில தொங்கிக்கினு இருக்குது, அவங்க எங்க வரப்போறாங்க’ன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனாரு.”

உறையைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாள். பிச்சைமுத்து இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். தம்பி எப்போது சார்ப்புக்குள் வந்து பார்த்தான், ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று திரும்பத் திரும்ப யோசித்தான். மறுநாள் குத்தூசியை எடுத்து ஓரம் முழுக்கத் தைத்து முடித்தான். ஏட்டு வந்து வாங்கிப் போனார்.

காரியம் முடிந்ததும் அமிர்தம் தன் தாய்வீட்டுக்கு, களமருதூருக்குக் கிளம்பினாள். பிச்சைமுத்து பஸ் நிற்கும் இடம் வரை பின்னால் நடந்து போனான். துணி மூட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான்.

“வேணாம் மாமா, கனம் இல்ல,” என்றாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அவன் பக்கம் திரும்பாமலே, “வூட்டுக்குப் போங்க. வெயிலா இருக்குது,” என்றாள்.